இருதயம் தாக்குண்ட வேளையில் இரத்தச் சர்க்கரை

மாரடைப்பு என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்திலேயே ஒரு குடும்பம் நிலைகுலைந்து விடுகின்றது. நோயாளியை வைத்தியசாலையிற் சேர்த்துவிட்டு வாயிலிற் காத்து நிற்கும் உறவினரின் காதிலே, சிறிது நேரத்தில், அவர்கள் எதிர்பாராத வேறொரு செய்தியும் விழுவதுண்டு. "சீனி கூடியிருக்கிறது, இன்சுலின் ஏற்றுகிறோம்" என்று தாதி சொல்லிச் செல்வார். நெஞ்சுவலி என்று வந்தவருக்குச் சீனியைப் பற்றிய பேச்சு எதற்கு? இதுநாள்வரை சலரோகம் என்று எவராலும் சொல்லப்படாத ஒருவருக்கு இன்சுலின் எதற்கு? நேற்றுவரை குளிசையோடு இருந்தவருக்கு இன்று ஊசி எதற்கு? "இன்சுலின் ஏற்றினால் இனிக் கடைசிக் கட்டந்தான்" என்று அருகில் நிற்கும் ஒருவர் கூறவும், கலங்கிய உள்ளம் மேலும் கலங்குகின்றது.

இவ்வினாக்கள் நியாயமானவை. இவற்றுக்கு விடை காண வைத்திய உலகம் பல ஆண்டுகள் முயன்றுள்ளது. அம்முயற்சியிலே வெற்றியும் உண்டு, ஏமாற்றமும் உண்டு, இறுதியிற் கிடைத்த தெளிவும் உண்டு. அதனை அறிந்து வைத்திருப்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் பயன் தரும். விஞ்ஞானம் கற்கும் மாணவர்க்கு அதில் வேறொரு பாடமும் அடங்கியுள்ளது.

சர்க்கரை ஏன் ஏறுகின்றது?

இருதயம் ஒரு தசை. ஓயாது உழைக்கும் அத்தசைக்கு உணவையும் ஒட்சிசனையும் கொண்டு செல்பவை முடியுரு நாடிகள். அவற்றுள் ஒன்றிலே குருதி கட்டியாகி அடைத்துக் கொள்ளுமாயின், அந்நாடியை நம்பியிருந்த தசைப்பகுதி ஒட்சிசன் இன்றி மடியத் தொடங்குகின்றது. இதுவே மாரடைப்பு.

உடல் இதனை ஒரு பேராபத்தாகக் கொள்கின்றது. புலியைக் கண்டு ஓடுபவனுடைய குருதியிலே எவை சுரக்குமோ, அவையே இங்கும் சுரக்கின்றன. அதிரினலின், கோட்டிசோல் முதலிய ஓமோன்கள் பெருகுகின்றன. ஈரலிலே கிளைக்கோசன் என்னும் உருவிற் சேமித்து வைக்கப்பட்டிருந்த மாச்சத்து, குளுக்கோசாக உடைந்து குருதியிற் கலக்கின்றது. அதே வேளையில் சதையி இன்சுலினைச் சுரப்பது குறைகின்றது; சுரந்த சிறிதளவு இன்சுலினுக்கும் உடலின் தசைகள் செவிசாய்ப்பதில்லை. ஓடுபவனுக்கு இந்தச் சர்க்கரை கால்களுக்கு எரிபொருளாகும். கட்டிலிற் கிடப்பவனுக்கோ அது செலவாகாமற் குருதியிலே தேங்குகின்றது.

கொழுப்பும் அவ்வாறே உடைந்து கொழுப்பமிலங்களாகக் குருதியிற் சேருகின்றது. ஒரே அளவு சக்தியைப் பெறுவதற்குக் குளுக்கோசை எரிப்பதிலும் கொழுப்பமிலத்தை எரிப்பதற்குக் கூடுதலான ஒட்சிசன் வேண்டும். ஒட்சிசனுக்குத் தவிக்கும் இருதயத்துக்கு இது மேலும் ஒரு சுமை. மிகுந்த சர்க்கரை குருதி கட்டிபடும் தன்மையைக் கூட்டுகின்றது. நாடிச் சுவர்களின் நெகிழ்ச்சியைக் குறைக்கின்றது. சிறுநீரோடு நீரையும் இழுத்துச் சென்று உடலை வரட்டுகின்றது. மாரடைப்போடு வந்து சேரும்போது சர்க்கரை மிகுந்திருந்தவர்கள், அவ்வாறு இராதவர்களைக் காட்டிலும் அதிகமாக மாண்டு போகின்றனர் என்பது பல நாடுகளிற் கண்டறியப்பட்ட உண்மை. சலரோகம் உள்ளவர், இல்லாதவர் ஆகிய இரு சாராரிடமும் இது காணப்படுகின்றது.

ஆனால் இங்கே ஓர் ஐயம் எழுகின்றது. மிகுந்த சர்க்கரைதான் அந்த மரணங்களுக்குக் காரணமா? அன்றி, இருதயம் மிக மோசமாகத் தாக்குண்டதற்கு அது ஓர் அடையாளம் மட்டுமா? நெருப்பு இருக்கும் இடத்திற் புகை எழும். புகையை விசிறிக் கலைத்துவிட்டால் நெருப்பு அணைந்து விடுமா? சர்க்கரை நெருப்பா, புகையா என்பதே வைத்தியர்களின் முன் நின்ற வினா.

சுவீடன் தேசத்தின் முதற் சோதனை

இன்சுலின் 1921ஆம் ஆண்டிலே கனடாவின் ரொறன்ரோ நகரிற் கண்டுபிடிக்கப்பட்டது. 1922 சனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதலாக ஏற்றப்பட்டது. மறு ஆண்டே பான்ரிங், மக்கிளியோட் என்னும் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. சலரோகத்துக்கு வந்த இம்மருந்தை மாரடைப்புக்கும் பயன்படுத்தலாம் என்னும் எண்ணம் 1962இல் மெக்சிக்கோ நாட்டு வைத்தியர் சோடி பல்யாரெஸ் என்பவரால் முன்வைக்கப்பட்டது. குளுக்கோசு, இன்சுலின், பொற்றாசியம் ஆகிய மூன்றையும் ஒன்றாக நாளத்தில் ஏற்றினால், நலிந்த இருதயத் தசை உயிர்தப்பும் என்பது அவர் கருத்து.

இக்கருத்தைச் சலரோகிகளிடத்திலே முறையாகச் சோதித்துப் பார்த்தவர்கள் சுவீடன் தேசத்து வைத்தியர்களான கிளாஸ் மல்ம்பேர்க், லார்ஸ் ரிடேன் ஆகியோரும் அவர்தம் குழுவினரும் ஆவர். 'டிகாமி' என்று பெயர் பெற்ற அந்த ஆய்விலே 19 வைத்தியசாலைகளைச் சேர்ந்த 620 நோயாளர் பங்குபற்றினர். எல்லோரும் மாரடைப்போடு வந்தவர்கள். எல்லோரிடமும் சர்க்கரை ஒரு டெசிலீற்றர் குருதிக்கு ஏறக்குறைய 200 மில்லிகிராமுக்கு மேல் இருந்தது. யாருக்கு எச்சிகிச்சை என்பது வைத்தியரின் விருப்பத்துக்கு விடப்படவில்லை. திருவுளச் சீட்டுப் போடுவது போலத் தற்செயலாகவே வகுக்கப்பட்டது. 306 பேருக்குக் குறைந்தது 24 மணி நேரம் இன்சுலினும் குளுக்கோசும் நாளத்தில் ஏற்றப்பட்டன. பின்னர் குறைந்தது மூன்று மாதம் நாள்தோறும் நான்கு முறை இன்சுலின் ஊசி ஏற்றப்பட்டது. ஏனைய 314 பேருக்கும் வழக்கமான சிகிச்சை அளிக்கப்பட்டது.

1995இல் முடிவு வெளிவந்தது. ஓராண்டுக்குள், வழக்கமான சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 26.1 பேர் இறந்திருந்தனர்; இன்சுலின் பெற்றோரிலோ நூற்றுக்கு 18.6 பேரே இறந்திருந்தனர். சராசரி மூன்றரை ஆண்டளவு கடந்து பார்த்தபோதும், முறையே 44, 33 என அவ்வேற்றுமை நிலைத்து நின்றது. வைத்திய உலகம் மகிழ்ந்தது. சர்க்கரையே நெருப்பு என்று பலர் முடிவு செய்தனர்.

தம் முடிவையே மீண்டும் சோதித்தவர்கள்

இவ்விடத்திலே மாணவர்கள் சிறிது நின்று கவனித்தல் வேண்டும். புகழ் பெற்ற ஒரு முடிவைக் கண்டவர்கள் அதனோடு அமைந்து விடுவதே உலக இயல்பு. இவர்கள் அவ்வாறு அமைந்துவிடவில்லை. நன்மை செய்தது முதல் நாளிலே ஏற்றிய இன்சுலினா, பின்னர் மாதக்கணக்கில் ஏற்றிய ஊசியா என்று தெளிவதற்காக, 'டிகாமி 2' என்னும் இரண்டாம் ஆய்வைத் தொடங்கினர். 48 வைத்தியசாலைகளில் 1253 நோயாளர் மூன்று பிரிவாக வகுக்கப்பட்டனர். தொடக்கத்திலும் பின்னரும் இன்சுலின் பெற்றோர் ஒரு பிரிவு. தொடக்கத்தில் மட்டும் பெற்றோர் ஒரு பிரிவு. வழக்கமான சிகிச்சை பெற்றோர் மற்றொரு பிரிவு.

2005இல் வெளிவந்த முடிவு பலரைத் திகைக்க வைத்தது. மூன்று பிரிவினரிடையேயும் மரணத் தொகையிற் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை! எண்ணியிருந்த தொகையிலும் குறைந்த நோயாளரே சேர்ந்தனர். மூன்று பிரிவினரின் சர்க்கரை அளவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. எனவே ஒப்பிட்டு நோக்குதற்கு வேற்றுமையே போதாமற் போயிற்று. ஆயினும் ஒன்று மட்டும் தெளிவாயிற்று. எந்தப் பிரிவிலே இருந்தாலும் சர்க்கரை மிகுந்து நின்றவர்களுக்கே ஆபத்தும் மிகுந்திருந்தது. தம் பழைய முடிவுக்கு ஆதரவு தராத புதிய முடிவை மறைக்காது வெளியிட்ட அவ்வைத்தியர்களின் நேர்மை, அவர்கள் கண்ட எந்த உண்மைக்கும் குறைந்ததன்று.

அதே ஆண்டில் வேறொரு பேராய்வின் முடிவும் வந்தது. மெக்சிக்கோ வைத்தியர் சொன்ன அந்த மூன்று பொருட் கலவை, பல நாடுகளைச் சேர்ந்த 20,201 மாரடைப்பு நோயாளரிடம் சோதிக்கப்பட்டது. முப்பது நாளில், கலவை பெற்றோரில் நூற்றுக்குப் பத்துப்பேர் இறந்தனர். பெறாதோரிலும் ஏறக்குறைய அவ்வளவினரே இறந்தனர். ஆகவே, சர்க்கரையின் அளவைக் கவனியாது, இன்சுலினை எல்லோருக்கும் பொதுவாக ஏற்றுவதால் நன்மையில்லை என்பது உறுதியாயிற்று.

அளவுக்கு மிஞ்சினால்

மற்றொரு பக்கத்திலே, சர்க்கரையை எவ்வளவு தாழ்த்துவது என்னும் வினாவும் எழுந்தது. 2001இல் பெல்ஜிய நாட்டின் லூவன் நகரில், தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்த சத்திரசிகிச்சை நோயாளர் 1548 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. சர்க்கரையைச் சுகதேகியின் அளவுக்கே, அதாவது 80க்கும் 110க்கும் இடையிலே, தாழ்த்தி வைத்தபோது மரணங்கள் குறைந்தன. உடனே உலகின் பல வைத்தியசாலைகளிலும் இந்தக் கடுமையான கட்டுப்பாடு பரவியது. "கூடினால் தீமையென்றால், குறையக் குறைய நன்மைதானே?" என்று நினைப்பது இயற்கை.

அந்நினைப்பை 2009இல் வெளிவந்த பேராய்வு ஒன்று கலைத்தது. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா முதலிய நாடுகளைச் சேர்ந்த தீவிர சிகிச்சை நோயாளர் 6104 பேர் அதிற் பங்குபற்றினர். இவர்கள் மாரடைப்பு நோயாளர் மட்டுமல்லர். பலவகைக் கடும் பிணியாளர். ஒரு சாராரின் சர்க்கரை 81க்கும் 108க்கும் இடையில் வைக்கப்பட்டது. மறு சாராருக்கு 180க்கு மேற்படாமல் வைத்தாற் போதும் என்று விடப்பட்டது. தொண்ணூறு நாளுக்குள் முதற் சாராரில் நூற்றுக்கு 27.5 பேர் இறந்தனர். இரண்டாம் சாராரில் 24.9 பேரே இறந்தனர். சர்க்கரை 40க்கும் கீழே இறங்கும் கொடிய நிலை முதற் சாராரில் நூற்றுக்கு 6.8 பேரைப் பிடித்தது. மற்றையோரில் ஆயிரத்துக்கு ஐவரை மட்டுமே பிடித்தது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சாகும் என்று நம் முன்னோர் கூறியது இன்சுலினுக்கும் பொருந்துவதாயிற்று.

சர்க்கரை அளவுக்கு மீறித் தாழும்போது மூளை பட்டினி கிடக்கின்றது. உடல் மறுபடியும் அதிரினலினைச் சொரிகின்றது. இருதயம் படபடக்கின்றது; அதன் தாளம் தவறும் ஆபத்து உண்டாகின்றது. புண்பட்ட இருதயம் அந்த அதிர்ச்சியைத் தாங்குமா? எனவே மிகுதியும் பகை, குறைவும் பகை.

இன்றைய நடைமுறை

இத்தனை சோதனைகளின் பின், வைத்தியர்கள் இன்று நடுவழியையே தேர்ந்துள்ளனர். மாரடைப்பு நோயாளி வந்து சேர்ந்தவுடன், சலரோகம் உண்டோ இல்லையோ, சர்க்கரை அளக்கப்படுகின்றது. அது 180 மில்லிகிராமுக்கு மேல் நின்றால் இன்சுலின் தொடங்குவது பற்றிக் கருதப்படுகின்றது. பெரும்பாலான நோயாளருக்கு 140க்கும் 180க்கும் இடையில் அதனை வைத்திருப்பதே இலக்கு. 70க்குக் கீழே இறங்க விடலாகாது. முதியவர், சிறுநீரகம் பழுதுற்றவர் ஆகியோரிடம் இன்னும் தளர்வாக நடப்பர்.

நாளத்தில் இன்சுலின் ஏறும்போது, ஏறத்தாழ மணிக்கொரு தடவை விரல் நுனியிற் குத்திச் சர்க்கரையை அளப்பார்கள். இது வீண் துன்புறுத்தல் அன்று. அவ்வளவீட்டைப் பார்த்தே துளிகளின் வேகம் கூட்டப்படும் அல்லது குறைக்கப்படும். பொற்றாசியத்தையும் கவனிப்பர், இன்சுலின் பொற்றாசியத்தைக் குருதியிலிருந்து கலங்களுக்குள் தள்ளிவிடும், குருதியில் அது குறைந்தால் இருதயத்தின் தாளம் கெடும். வழக்கமாக உண்ணும் சலரோகக் குளிசைகள் சில தற்காலிகமாக நிறுத்தப்படலாம். மெற்போமின் என்னும் குளிசையை எடுத்துக் கொள்ளுங்கள். நாடிகளைப் படம் பிடிப்பதற்குச் செலுத்தும் மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதனால், சிறுநீரகம் நலிந்தவர்களுக்கு அக்குளிசையை வைத்தியர் சில நாள் நிறுத்தி வைப்பார். குளிசை நின்று ஊசி வருவதற்கு இதுவே காரணம். நோய் கைகடந்து விட்டது என்பதன்று.

ஒன்றை மறத்தலாகாது. மாரடைப்பில் முதலாவது வேலை அடைபட்ட நாடியைத் திறப்பதே. சர்க்கரைக் கட்டுப்பாடு அதற்குத் துணையேயன்றி அதற்கு ஈடாகாது. ஆகவே கழியும் ஒவ்வொரு நிமிடமும் இருதயத் தசையின் ஒரு பகுதியைக் கொண்டு செல்கின்றது. சலரோகிகளுக்கு இதில் ஒரு தனி ஆபத்து உண்டு. நெடுங்காலச் சலரோகம் நரம்புகளை மழுங்கச் செய்வதால், சிலருக்கு மாரடைப்பு வந்தும் நெஞ்சு வலிப்பதில்லை. திடீர்க் களைப்பு, மூச்சு முட்டல், வியர்வை, ஓங்காளம் என்பவை மட்டுமே தோன்றலாம். "வாயுப் பிடிப்பு" என்று எண்ணிச் சுடுநீரும் உள்ளியும் கொடுத்துக் கொண்டிருத்தல் தகாது. 1990 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால் 'சுவசெரிய' நோயாளர் வண்டி கட்டணமின்றி வரும்.

குடும்பத்தார் செய்யத் தக்கவை

வைத்தியசாலைக்குச் செல்லும்போது நோயாளியின் கிளினிக் கொப்பியையும், உண்ணும் மருந்துகள் யாவற்றையும் கையோடு கொண்டு செல்லுங்கள். கடைசியாக எப்பொழுது உணவு உண்டார், எப்பொழுது குளிசை அல்லது இன்சுலின் எடுத்தார் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். இவ்விரண்டு செய்தியும் ஓர் உயிரைக் காக்கக் கூடியவை.

வாட்டில் இருக்கும் நோயாளிக்கு, தாதியரிடம் கேளாமல் எதையும் உண்ணக் கொடுத்தலாகாது. "களைத்துப் போனார்" என்ற அன்பினால் சீனி போட்ட பாலும் மென்பானமும் ஊட்டுவோர் உளர். அவர் உடலில் ஏறும் இன்சுலின், வைத்தியசாலை கொடுக்கும் உணவைக் கணக்கிட்டே ஏறுகின்றது. மறைவாக ஊட்டிய உணவு அக்கணக்கைக் குழப்பிவிடும். அதே போல, கொடுத்த உணவை நோயாளி உண்ணாது வைத்துவிட்டால் அதையும் தாதிக்கு அறிவித்தல் வேண்டும். உணவின்றி இன்சுலின் மட்டும் வேலை செய்தாற் சர்க்கரை தாழ்ந்துவிடும். கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம், காரணமில்லாக் கோபம் என்பன அதன் அறிகுறிகள். மாரடைப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகள் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். வியர்வை மட்டும் மறையாது. குளிர்ந்த வியர்வையைக் கண்டால் உடனே அழையுங்கள்.

வீடு திரும்பிய பின்

"ஆஸ்பத்திரியில் மட்டுந்தான் சீனி கூடியது, வீட்டுக்கு வந்ததும் சரியாகிவிட்டது" என்று ஆறுதல் கொள்வோர் பலர். ஸ்ரொக்ஹோம் நகரைச் சேர்ந்த வைத்தியர்கள், சலரோகம் இல்லை என்று நம்பியிருந்த 181 மாரடைப்பு நோயாளரைச் சோதித்து 2002இல் வெளியிட்ட முடிவு சிந்திக்கத் தக்கது. அவர்களில் ஏறக்குறைய மூன்றிலொருவருக்குச் சலரோகம் இருந்தது. வேறு மூன்றிலொருவர் அதன் வாசற்படியில் நின்றனர். நோய் முன்னரே இருந்தது, அறியப்படாமல் இருந்தது. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் 'எச்பிஏ1சி' என்னும் சோதனையிலே 6.5 வீதமோ அதற்கு மேலோ காணப்பட்டால், அது மாரடைப்பின் அதிர்ச்சியினால் மட்டும் விளைந்ததன்று. பழைய சலரோகமே என்று கொள்ளலாம். இச்சோதனையையும், சர்க்கரைக் கரைசல் குடித்து இரண்டு மணி நேரத்தின் பின் அளக்கும் சோதனையையும் பற்றி வைத்தியரிடம் கேட்டறியுங்கள்.

இது நமக்கு நெருங்கிய செய்தி. 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடத்தப்பட்ட ஆய்விலே, 20 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சலரோகம் காணப்பட்டது. தென்னாசியருக்கு மாரடைப்பு ஏனையோரினும் இளவயதிலேயே வருகின்றது என்பதும் பன்னாட்டு ஆய்வுகளால் நிறுவப்பட்டுள்ளது. தந்தைக்கோ தாய்க்கோ இந்நோய் வந்த வீட்டிலே பிள்ளைகளும் தம் சர்க்கரையைச் சோதித்துக் கொள்வது கடமை.

இன்சுலின் பற்றிய அச்சத்துக்கும் ஒரு சொல். அது கடைசி மருந்தன்று. நம் சதையி நாள்தோறும் சுரக்கும் பொருளே. வைத்தியசாலையில் அதை ஏற்றிய பலருக்குப் பின்னர் அது தேவைப்படுவதில்லை. தேவைப்பட்டாலும் வெட்கப்பட யாதுமில்லை. வெட்கத்தால் ஊசியை நிறுத்துவதே ஆபத்து. அதனோடு, இருதயத்தையும் காக்கும் புதிய சலரோக மருந்துகளும் வந்துள்ளன. எம்பாகிளிபுளோசின் என்னும் குளிசை, சலரோகமும் நாடி நோயும் ஒருங்கே உடையவர் 7020 பேரிடம் சோதிக்கப்பட்டு, இருதய நோயால் வரும் மரணத்தை மூன்றிலொரு பங்குக்கு மேலாகக் குறைத்தது என்று 2015இல் அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு லிராகுளுரைட் என்னும் ஊசிமருந்தும் நற்பலன் காட்டிற்று. யாருக்கு எது பொருந்தும் என்பதை வைத்தியரே தீர்மானித்தல் வேண்டும்.

மருந்தோடு வாழ்க்கை முறையும் மாற வேண்டும். வெள்ளைச் சோற்றின் அளவைக் குறைத்துக் கறியையும் கீரையையும் கூட்டுங்கள். தேநீரிற் சீனியை விடுங்கள். பனங்கட்டியும் சர்க்கரையே என்பதை மறவாதீர்கள். வைத்தியர் அனுமதித்த பின் நாள்தோறும் நடங்கள். புகைத்தலை அடியோடு விடுங்கள். குருதி அமுக்கத்தையும் கொழுப்பையும் கட்டுப்படுத்தும் மருந்துகளைச் சுகமாயிற்று என்று எண்ணி நிறுத்தி விடாதீர்கள்.

சர்க்கரை நெருப்பா, புகையா என்று முன்னர்க் கேட்டோம். அது இரண்டும் ஆகும் என்பதே இன்றைய விடை. இருதயம் எவ்வளவு புண்பட்டுள்ளது என்பதை அது காட்டுகின்றது. கவனியாது விட்டால் அப்புண்ணை ஆழமும் ஆக்குகின்றது. ஆதலால் அதனை அலட்சியம் செய்தலும் தவறு. அஞ்சி நடுங்கி அடியோடு தாழ்த்த முயலுதலும் தவறு. அளவறிந்து நடத்தலே சிகிச்சை. வைத்தியசாலையில் அந்த அளவை வைத்தியரும் தாதியரும் காப்பர். வீட்டிலே அதனைக் காக்கும் பொறுப்பு, அடுப்படியில் நிற்பவரிடமும், மேசையிலே கூடி உண்போரிடமும், மருந்தை நேரம் தவறாது எடுத்துக் கொடுக்கும் பிள்ளைகளிடமும் இருக்கின்றது.